தருமபுரியிலிருந்து கோலாலம்பூர் வரை: வெளிநாட்டில் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது எப்படி?

வெளிநாடு போனால் ஓட்டலில்தான் தங்க வேண்டும் என்றில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில், வாடகை இல்லாமல், விருந்தாளியாகத் தங்க வழி செய்யும் அமைப்புகள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து முதல்முறை முயற்சி செய்கிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். விமான டிக்கெட் எடுத்த பிறகு அந்த அமைப்பின் இணையதளத்தில் கணக்கு தொடங்குகிறார்கள். தங்களைப் பற்றிச் சொல்லும் பக்கம், அதாவது ப்ரொஃபைல், காலியாக இருக்கும். தங்க இடம் கேட்டு ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்புவார்கள். ஒருவரும் பதில் போட மாட்டார்கள்.

முன்பின் தெரியாத ஒருவரை வீட்டுக்குள் விடுமுன் எவரும் பார்ப்பது ஒன்றைத்தான்: இவரைப் பற்றி வேறு யாராவது நல்லபடியாக எழுதியிருக்கிறார்களா? ரெஃபரன்ஸ் என்று சொல்லும் அந்த நாலு வரியை ஊரைவிட்டுப் போகாமலே சம்பாதிக்கலாம். அதற்குத்தான் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்கச் சொல்கிறோம்.

படி 1: எந்த அமைப்பு?

செர்வாஸ் 1949-இல் டென்மார்க்கில் அமைதி இயக்கமாகத் தொடங்கியது. உறுப்பினராக நேரில் பேசித் தேர்வு செய்வார்கள், அறிமுகக் கடிதம் தருவார்கள், பொதுவாக இரண்டு இரவு தங்கலாம். இந்தியாவிலும் கிளை உண்டு. நடைமுறை மெதுவாக நகரும், ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கும் இதுதான் பொருத்தம். கவுச்சர்ஃபிங் 2004-இல் வந்தது, ஆள்பலம் அதிகம். 2020 முதல் சந்தா கேட்கிறார்கள். பிவெல்கம் (2007), ட்ரஸ்ட்ரூட்ஸ் (2014) இரண்டும் லாப நோக்கமில்லாதவை, இலவசம். ஆனால் சிறு நகரங்களில் ஆள் குறைவு. சைக்கிளில் நாடு சுற்றுகிறவர்களுக்கு வார்ம்ஷவர்ஸ்.

புதியவர்கள் பிவெல்கமில் ஒன்று, ஆள் அதிகமுள்ள வேறொன்றில் ஒன்று என இரண்டு கணக்கு வைத்துக்கொண்டால் போதும். நாலைந்தில் சேர்ந்து எல்லாவற்றையும் பாதி நிரப்பி விடுவதில் பயன் இல்லை.

படி 2: ப்ரொஃபைல்

முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று, நண்பர்களோடோ வேலையிடத்திலோ எடுத்தது இரண்டு போடுங்கள். கூலிங் கிளாஸ் போட்ட படம், கோயில் கோபுரம், நடிகர் படம் வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தால், ஹோஸ்ட், அதாவது உங்களைத் தங்க வைக்கும் வீட்டுக்காரர், உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

மொழிகள் பகுதியில் நம் பக்கத்து ஆட்கள் தங்களைக் குறைத்தே காட்டிக்கொள்கிறார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. அத்தனையையும் எழுதுங்கள். ஆங்கிலம் சுமார்தான் என்றால் அப்படியே எழுதுங்கள், அதனால் எவரும் மறுப்பதில்லை.

'பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. 'எங்கள் குடும்பத்துக்கு மாந்தோப்பு உண்டு, எந்த மாங்காய் எந்த மாதம் பழுக்கும் என்று சொல்வேன், ராகி களி கிண்டத் தெரியும், மரபணு பற்றிப் படிக்கிறேன்' என்று எழுதினால் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். இருநூறு சொல்லாவது வரட்டும்.

படி 3: முதல் ரெஃபரன்ஸை ஊரிலேயே வாங்குவது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். மூன்று வழி உண்டு.

முதல் வழி பெங்களூரு. கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். அங்கே பயணிகள் கூடும் சந்திப்புகளுக்கு வார இறுதியில் இரண்டு மூன்று முறை போங்கள். ஒருவரோடு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேசியிருந்தால்தான் ரெஃபரன்ஸ் கேட்க வேண்டும். கைகுலுக்கிவிட்டு மறுநாள் கேட்டால் எழுத மாட்டார்கள், எழுதினாலும் அது உப்புச்சப்பில்லாமல் இருக்கும்.

இரண்டாவது, வருகிற பயணிக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது. ப்ரொஃபைலில் 'தங்க இடம் இல்லை, சுற்றிக் காட்டுவேன்' என்ற நிலையை வைக்கலாம். ஒகேனக்கல் தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர்; ஒரு நாள் போதும். ஆனால் பரிசல் பயணத்துக்கு வாக்குக் கொடுக்குமுன் காவிரியில் நீர்வரத்து எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளம் அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும், அருவியில் குளிக்கவும் விடாது.

மூன்றாவது, வீட்டில் தங்க வைப்பது. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறவர்கள் வரும் தேசிய நெடுஞ்சாலை 44 ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகத்தான் போகிறது. ஒரு பாயும் ஒரு வாளி வெந்நீரும் கொடுக்க முடிந்தாலே அவர்களுக்குப் பெரிய உதவி. கழிப்பறை இந்திய முறையா, தனி அறை உண்டா, வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்பதை முன்பே எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் சம்மதம் வாங்கிய பிறகே அழையுங்கள்.

வருகிறவர் வெளிநாட்டவர் என்றால் சட்டக் கடமை ஒன்று உண்டு. அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டுக்காரர் விவரம் பதிய வேண்டும். லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள்; தனி வீட்டுக்கும் பொருந்தும். பாஸ்போர்ட், விசா இரண்டின் படமும் தேவை. முதல்முறை கணக்கு தொடங்க நேரம் பிடிக்கும் என்பதால் விருந்தாளி வருமுன்பே தொடங்கி வையுங்கள்.

மூன்று ரெஃபரன்ஸ் சேர்ந்ததும் டிக்கெட் பாருங்கள்.

படி 4: காகிதங்கள்

முதல் பயணத்துக்கு மலேசியாவைச் சொல்வோம். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா இல்லாத அனுமதி உண்டு; 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்குமுன் அன்றைய நிலையைச் சரிபாருங்கள். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதில் தங்கும் முகவரி கேட்பார்கள். 'நண்பர் வீடு' என்று மட்டும் எழுதினால் போதாது, ஹோஸ்டின் முழு முகவரியும் தொலைபேசி எண்ணும் வேண்டும். வாங்காமல் விமானம் ஏறாதீர்கள்.

வியட்நாமிலும் தாய்லாந்திலும் வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் சில ஹோஸ்ட்கள் தங்க வைக்கத் தயங்குவார்கள், வெளியே சந்திக்க மட்டும் சம்மதிப்பார்கள். வற்புறுத்தாதீர்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குத் தங்கும் இடத்துக்கான சான்று கேட்பார்கள். நண்பர் வீடு என்றால் ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் அந்த நண்பர் அரசு அலுவலகத்துக்குப் போய் முறையான கடிதம் வாங்கித் தர வேண்டியிருக்கும். இணையத்தில் மட்டும் அறிமுகமானவரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை. அங்கே முதல் பயணத்துக்கு ஓட்டலில் தங்கி, உள்ளூர்க்காரர்களைச் சந்திப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வேலை செய்தால் சாப்பாடும் தங்குமிடமும் என்று சொல்லும் ஏற்பாடுகள் வேறு ரகம். சம்பளம் இல்லாவிட்டாலும் பல நாடுகள் அதை வேலையாகவே கருதும். சுற்றுலா அனுமதியில் அப்படிப் போகிறவர்களை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புவதுண்டு.

படி 5: கடிதம்

பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன் அனுப்புங்கள். இரண்டு மாதம் முன் கேட்டால் அவர்களாலும் சொல்ல முடியாது, முந்தின நாள் கேட்டால் அவசரத்துக்கு அலைகிறார் என்று தோன்றும். ஒரு ஊருக்கு ஐந்தாறு பேரைத் தேர்ந்து ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். அவர் ப்ரொஃபைலை முழுதாகப் படியுங்கள். சிலர் நடுவில் ஏதாவது ஒரு சொல்லை ஒளித்து வைத்து, அதைக் கடிதத்தில் எழுதச் சொல்லியிருப்பார்கள், படித்தவர் யார் என்று தெரிந்துகொள்ள.

தேதியில் கவனம் வேண்டும். பெங்களூரில் 12-ஆம் தேதி இரவு 11:30-க்கு ஏறினால் கோலாலம்பூரில் இறங்குவது 13-ஆம் தேதி காலை. நம்மைவிட அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால். 12-ஆம் தேதி இரவுக்கு இடம் கேட்டால் ஹோஸ்ட் ஒரு நாள் வீணாகக் காத்திருப்பார்.

மாதிரி இது. ஆங்கிலத்தில் உங்கள் நடையில் எழுதிக்கொள்ளுங்கள்:

'வணக்கம். நான் தருமபுரிக்காரன், மார்ச் 13 காலை வருகிறேன், 15 காலை பினாங்குக்குக் கிளம்புகிறேன், இரண்டு இரவு, ஒரே ஆள். நீங்கள் மாடியில் மூலிகை வளர்ப்பதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டுப் பின்புறமும் அதே வேலைதான். 13 மாலை நீங்கள் ஓய்வாக இருந்தால் சமைத்துத் தருகிறேன். பகலில் நீங்கள் வேலைக்குப் போனால் நானும் வெளியே போய்விடுவேன். தரையில் படுக்கவும் தயார். முடியாவிட்டால் ஒரு டீ குடிக்கவாவது சந்திக்கலாம்.'

கடைசி வரியை விடாதீர்கள். தங்க வைக்க முடியாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதுவார்கள். ஒருவர் சம்மதித்ததும் மற்றவர்களுக்கு அன்றே நன்றி சொல்லி விலகுங்கள்.

படி 6: ஆளை எடைபோடுதல்

ரெஃபரன்ஸின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், எழுதியவர்களைப் பாருங்கள். பெண்கள் தனியாகப் போவதானால், தனியாக வந்து தங்கிய பெண்கள் எழுதியதை மட்டும் தேடிப் படியுங்கள். 'பெண் விருந்தாளிகள் மட்டும்' என்று போட்டிருக்கும் ஆண் ஹோஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். குடும்பம் இருக்கும் வீடு, பெண் ஹோஸ்ட் இரண்டும் நல்லது. ஒரே படுக்கையைப் பகிர வேண்டும் என்று எழுதியிருந்தால் வேண்டாம்.

வாட்ஸ்அப்புக்கு வரச் சொல்லி, டாக்சிக்கோ பதிவுக்கோ முன்பணம் கேட்டால் அது மோசடி. பாஸ்போர்ட்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். ஹோஸ்டை முதலில் ரயில் நிலையத்திலோ கடையிலோ சந்தியுங்கள். முகவரி, தொலைபேசி எண், ப்ரொஃபைல் இணைப்பு மூன்றையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். பக்கத்திலுள்ள விடுதி ஒன்றின் முகவரியும் ஒரு இரவுக்கான பணமும் தனியாக இருக்கட்டும். மனசுக்குச் சரியில்லை என்றால் நள்ளிரவானாலும் கிளம்பலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

படி 7: பெட்டியில் என்ன?

கடலை மிட்டாய் நல்ல பரிசு, ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே கேளுங்கள். சிலருக்கு உயிருக்கே ஆபத்து. புளி, ராகி மாவு, கருப்பட்டி கொண்டுபோகலாம். பழம், விதை வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போனால் எந்த உணவானாலும் படிவத்தில் தெரிவித்துவிடுங்கள். ஐரோப்பாவுக்குப் பால்கோவா வேண்டாம். பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் அங்கே தடை.

கசகசாவை மறக்கவே கூடாது. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் சிக்கல்தான். சொந்தக்காரர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஊறுகாய் செக்-இன் பெட்டியில், பவர் பேங்க் கைப்பையில்.

விமான நிலையம் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில். நாம் தெற்கே ஓசூர் வழியாக நுழைவதால் நகரம் முழுக்கக் கடக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து நாலு மணி நேரம், தருமபுரியிலிருந்து ஐந்து, அதற்கு மேல் சோதனைக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கிடுங்கள்.

படி 8: அந்த வீட்டுக்குள்

மனஸ்தாபம் வருவது குளியலறையில்தான். பல நாடுகளில் குளிக்கும் இடத்துக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி கிடையாது. திரையைக் குளியல் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக் குளியுங்கள், சிந்தியதைத் துடைத்துவிட்டு வாருங்கள். மரத்தரையில் தண்ணீர் தேங்கினால் பலகை உப்பிவிடும். காலி தண்ணீர் பாட்டில் ஒன்று கழிப்பறைக்கு உதவும்.

சமையலில் தாளிப்பு ஜாக்கிரதை. எண்ணெய் புகைந்தால் புகை எச்சரிக்கை மணி அடுக்குமாடி முழுக்க அலறும். புகைபோக்கி விசிறியைப் போட்டு, தீயைக் குறைத்து, மூடி வைத்துத் தாளியுங்கள். மஞ்சள் தூள் வெள்ளை மேடையில் கறை விடும், உடனே துடையுங்கள். முதல்முறைக்கு எலுமிச்சைச் சாதம் போதும்: நாலு பேருக்கு 400 கிராம் அரிசி, இரண்டு எலுமிச்சை, நாலு ஸ்பூன் எண்ணெய், மிளகாய் ஒன்றே ஒன்று.

மாலை ஒன்றை ஹோஸ்டோடு செலவிடுங்கள். இரவு வந்து படுத்துக் காலையில் போய்விடுகிறவர் ஓட்டலுக்கே போயிருக்கலாம். சொன்ன நாளுக்கு மேல் ஒரு இரவு கூடத் தங்காதீர்கள்.

படி 9: சந்திப்புக் கூட்டங்கள்

பெரும்பாலும் காபிக் கடையிலோ மதுக்கூடத்திலோ நடக்கும். குடிக்காதவர் ஜூஸ் வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அவரவர் பில் அவரவருக்கு. நடத்துகிறவருக்கு முன்பே ஒரு வரி எழுதுங்கள்: 'முதல்முறை வருகிறேன், எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?' சரியான நேரத்துக்குப் போனால் நாலு பேர்தான் இருப்பார்கள். புதியவருக்கு அதுதான் வசதி, தாமதமாகப் போனால் ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் கும்பலுக்குள் நுழைய வேண்டும். சம்பளம், கல்யாணம், குழந்தை பற்றி முதல் சந்திப்பில் விசாரிக்க வேண்டாம்.

படி 10: கிளம்பிய பிறகு

ஓரிரு நாளுக்குள் ரெஃபரன்ஸ் எழுதுங்கள். 'அருமையானவர்' என்பது அடுத்து வருகிறவருக்கு உதவாது. தனி அறையா, மெட்ரோ எவ்வளவு தூரம், வீட்டில் நாய் உண்டா, பேச நேரம் ஒதுக்கினாரா என்று எழுதுங்கள். வீடு அழுக்காக இருந்தது போன்ற சிறு குறையை அவரிடமே தனியாகச் சொல்லிவிடலாம். பாதுகாப்புக் குறை என்றால் கூச்சப்படாமல் வெளிப்படையாக எழுதி, அந்தத் தளத்துக்கும் புகார் அனுப்புங்கள். அடுத்து அந்தக் கதவைத் தட்டப்போகும் பெண் அதைத்தான் தேடிப் படிப்பார்.