புறநகரில் வீடு: எந்தப் பகுதி என்று முடிவு செய்வது எப்படி?

நகரத்துக்குள் வாங்கக் கட்டுப்படியாகவில்லை, சரி, கொஞ்சம் தள்ளிப் போவோம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம்? முதல்முறை வாங்குகிற பலர் வீட்டைப் பார்த்து மயங்கிவிட்டு அப்புறம்தான் சுற்றுப்புறத்தைப் பார்க்கிறார்கள். சமையலறையை இடித்துக் கட்டலாம். ரயில் நிலையத்தை இழுத்துவந்து பக்கத்தில் வைக்க முடியாது. அதனால் முதலில் பகுதி, பிறகு வீடு.

1. நிமிடத்தில் கணக்குப் போடுங்கள்

மேப்பில் வட்டம் போட்டு ‘25 கிலோமீட்டருக்குள்’ என்று தேடாதீர்கள். ரயில் பாதையை ஒட்டி 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடம், ஒரே சாலையை நம்பியிருக்கும் 15 கிலோமீட்டர் இடத்தைவிட வேலைக்குக் கிட்டே இருக்கலாம். போக வர இரண்டும் சேர்த்து, மனிதர்கள் ஒரு நாளில் சராசரியாக ஒரு மணி நேரம் போலத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்ச்செட்டி 1994-ல் எழுதினார். உங்களால் எவ்வளவு தாங்க முடியும்? போக 1 மணி 15 நிமிடம், வர அதே அளவு, ஆண்டுக்கு 240 வேலை நாள் என்றால் 600 மணி நேரம். முழுதாக 25 நாள் வண்டியிலேயே கழிகிறது.

வேலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓர் உச்ச வரம்பை எழுதி வையுங்கள்.

2. ஒரு திங்கட்கிழமை போய்ப் பாருங்கள்

மற்றதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாப் புறநகரும் அழகுதான். அப்படி ஒரு ஞாயிறு நான் 35 நிமிடத்தில் போய்ச் சேர்ந்து, ‘கூப்பிடு தூரம்தான்’ என்று தரகர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். முன்பணம் கொடுக்கும் முன் மனசு கேட்காமல், திங்கள் காலை ஏழரைக்கு அதே தெருமுனையில் போய் நின்றேன். பஸ் வரவே 20 நிமிடம். ரயில் நிலையப் படிக்கட்டில் ஆள் நகரவில்லை. முதல் ரயிலில் கால் வைக்க இடமில்லாமல் விட்டுவிட்டேன். அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபோது 1 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது.

வீட்டு வாசலிலிருந்து அந்த நாற்காலி வரைக்கும் அளக்க வேண்டும். காத்திருப்பதும் வண்டி மாறுவதும் இதில் சேர்த்தி. மாலையும் அதே வழியில் திரும்புங்கள். இருட்டிய பிறகு நிறுத்தத்திலிருந்து நடங்கள்: தெருவிளக்கு எரிகிறதா, நடக்க இடம் இருக்கிறதா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

3. ‘விரைவில் வருகிறது’ என்பதற்குக் காசு கொடுக்காதீர்கள்

வெறும் அறிவிப்பா, நிதி ஒதுக்கியாயிற்றா, வேலை நடக்கிறதா என்று பாருங்கள். தூண் எழும்பாத ரயில் பாதையை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் காலி நிலத்தில் என்ன கட்ட அனுமதி உண்டு என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். இன்றைக்குப் பசுமை, நாளைக்கு லாரி நிறுத்தமாக இருக்கலாம்.

4. மழை பெய்த மறுநாள் ஒரு நடை

வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்திருக்கிறதா? சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டத்தில் கறை ஓடுகிறதா? ‘நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்பதை நம்பி ஏமாறாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வந்துவிட 26 சதவீத வாய்ப்பு.

5. பயணச் செலவையும் தவணையோடு கூட்டுங்கள்

மாதத் தவணை மட்டும் குறைந்தால் போதாது. எரிபொருள், பயணச் சீட்டு, இரண்டாவது வண்டி வாங்க வேண்டி வந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்து நகரத்துக்குள்ளே இருக்கும் சின்ன வீட்டோடு ஒப்பிடுங்கள்.

6. அங்கே இருப்பவர்களிடம் பேசுங்கள்

‘ஏரியா எப்படி?’ என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் பதில் வரும். சொந்த வீட்டை யார் விட்டுக்கொடுப்பார்கள்! கடைசியாக எப்போது கரண்ட் போனது, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குழந்தை எந்தப் பள்ளிக்குப் போகிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். முடிந்தால் அதே பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். வீடு மாற்றுவது பெரிய தொல்லைதான், தெரியும்.