கிட்டார்: முதல் மூன்று கார்டுகளும் கை நிற்காத ஸ்ட்ரம்மிங்கும்

கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு, ஸ்ட்ரம்மிங் என்பது தந்திகளின் குறுக்கே கையை வீசி மீட்டுவது. ஒரு கார்டை எப்படியாவது பிடித்துவிடலாம். அடுத்ததற்கு மாறும்போதுதான் தாளம் அறுந்துபோகும். அதனால் விரல்கள் குறைவாக நகரும் வரிசையில் பழகுங்கள்: ஈ மைனர், ஏ மைனர், சி மேஜர். (இடது கைக்காரர்கள் கைகளை மாற்றிப் படிக்கவும்.)

முதலில் ட்யூனரில் (சுருதி காட்டும் கருவி) சுருதி சேருங்கள். தடித்த 6-வது தந்தியிலிருந்து மெல்லிய 1-வது வரை: ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ (E, A, D, G, B, E).

படி 1: ஈ மைனர்
நடுவிரல் 5-வது தந்தியில், மோதிர விரல் 4-வது தந்தியில், இரண்டும் 2-வது ஃபிரெட் (கழுத்தின் உலோகக் கம்பிகளுக்கு இடையிலுள்ள கட்டம், தலைப்பக்கத்திலிருந்து எண்ணவும்). ஆறு தந்திகளையும் மீட்டலாம். விரல் நுனி, கிட்டாரின் உடல் பக்கமுள்ள உலோகக் கம்பியை ஒட்டி இருக்கட்டும். அதன்மேல் ஏறக் கூடாது. தள்ளி வைத்தால் தந்தி 'கிர்ர்' என்று அதிரும். அதற்காக இன்னும் பலமாக அழுத்தினால் கை வலிப்பதுதான் மிச்சம்.

படி 2: ஏ மைனர்
அதே இரு விரல்களையும் சேர்த்தபடியே 4, 3-வது தந்திகளுக்கு இறக்குங்கள். ஆள்காட்டி விரல் 2-வது தந்தி, 1-வது ஃபிரெட். 5-வது தந்தியிலிருந்து மீட்டவும்.

படி 3: சி மேஜர்
மோதிர விரல் மட்டும் 5-வது தந்தி, 3-வது ஃபிரெட்டுக்குப் போகட்டும். மற்ற இரண்டும் அசையக் கூடாது. இதையும் 5-வதிலிருந்தே மீட்டுங்கள். தந்திகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 1-வது தந்தி ஊமையாக இருக்கும்: படுத்துவிட்ட ஆள்காட்டி விரலின் சதை அதைத் தொடுகிறது. கட்டைவிரலைக் கழுத்தின் பின்புறம் நடுவுக்கு இறக்கினால் விரல்கள் வளைந்து நிமிரும். நகம் நீளமாக இருந்தால் எதுவும் பலிக்காது.

படி 4: வலது கை
0.6 மி.மீ. பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) போதும். நுனி மட்டும் வெளியே தெரியட்டும். ஈரக் கையை உதறுவதுபோல் மணிக்கட்டை ஆட்டுங்கள். இடது விரல்களைத் தந்திகள்மேல் லேசாகப் படியவிட்டு, 'சக் சக்' ஓசையில் மட்டும் தொடங்குங்கள்.

வாயால் சொல்லுங்கள்: த க தி மி த க ஜ னு. கை, கீழ்-மேல் என எட்டு அசைக்கும் மாறிமாறிப் போகும். தந்தியைத் தொடுவது ஆறில்தான்:

த – தி மி – க ஜ னு

முதல் 'க'வில் மேலேயும், இரண்டாவது 'த'வில் கீழேயும் கை வெறும் காற்றில் போக வேண்டும். அந்த இரண்டாவது 'த'வில் கையை நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அடுத்த மேல்வீச்சு தாமதமாகிவிடும். மேல்வீச்சில் மெல்லிய மூன்று தந்திகள் பட்டாலே போதும்.

படி 5: சேர்த்தல்
மெட்ரோனோம் (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60, ஒரு தட்டுக்கு இரண்டு அசை. ஈ மைனர், ஏ மைனர், சி, ஏ மைனர், ஒவ்வொன்றும் ஒரு சுற்று. கடைசி 'னு'விலேயே இடது விரல்களைத் தூக்கிவிடுங்கள். அப்போது வெறும் தந்தி ஒலித்தால் பரவாயில்லை, நன்கு தேர்ந்தவர்களும் அப்படித்தான் மாற்றுகிறார்கள். தடுமாறினால் 50-க்கு இறங்குங்கள், வலது கையை மட்டும் நிறுத்தாதீர்கள். பிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள்.

80-ல் பிசிறு இல்லாமல் வந்தால் ஜி மேஜர். ஈ மைனரின் நடுவிரல் அங்கேயே இருக்க, மோதிர விரல் 6-வது தந்திக்கும் சுண்டுவிரல் 1-வது தந்திக்கும், இரண்டும் 3-வது ஃபிரெட்டில்.