குளிர்பான டப்பாவில் ஆறு மாத வானம்

லிஃப்ட் பழுதுபார்ப்பது என் தொழில். இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வேலை நாளில் பாதி மொட்டை மாடிகளில்தான் கழிகிறது. ஒருநாள் ஒரு மெஷின் அறையைப் பூட்டிவிட்டுத் திரும்பும்போது, பக்கத்துக் குழாயில் கறுப்பு டேப் சுற்றிய டப்பா ஒன்று கட்டப்பட்டிருப்பதைப் பார்த்தேன். வெள்ளை மையில் எழுதியிருந்தது: ‘இது கேமரா. ஜூன் 21 வரை தொட வேண்டாம்.’ அப்போது ஜனவரி. லென்ஸ் இல்லை, பேட்டரி இல்லை, ஜூன் வரை என்ன படம் பிடிக்கப் போகிறது என்று சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டேன்.

மேல் தளத்தில் குடியிருந்த மென்பொருள் எழுதும் தம்பி ஒருவர் கட்டியது அது. ஜூலையில் படத்தைக் காட்டினார். எதிர்வரிசைக் கட்டிடங்கள் நிழல்போல நிற்க, அவற்றின் மேல் வானம் முழுக்க வளைவு வளைவாகக் கோடுகள். ஒரு கோடு ஒரு நாள். மேகம் மறைத்த நேரத்தில் கோடு அறுந்திருந்தது. கீழே தெருவில் ஒரு வண்டியும் இல்லை, ஓர் ஆளும் இல்லை. அத்தனை பேரும் கடந்துபோன தெருதான். ஆனால் ஆறு மாதம் திறந்திருக்கும் கண்ணுக்கு நிற்காத எதுவும் தெரியாது.

லென்ஸுக்குப் பதில் ஓர் ஊசித்துளை, உள்ளே ஒரு புகைப்படத் தாள், அதில் மாதக்கணக்கில் பதியும் சூரியனின் பாதை: இதற்கு சோலார்கிராஃபி என்று பெயர். 2000ஆம் ஆண்டையொட்டி போலந்தில் பாவெல் குலா, ஸ்வாவோமிர் டெட்சிக் ஆகியோரும் ஸ்பெயினின் தியேகோ லோபஸ் கால்வினும் ‘சோலாரிஸ்’ என்ற திட்டமாக இதைத் தொடங்கினார்கள். நான் இதுவரை 31 டப்பாக்கள் கட்டியிருக்கிறேன். கையில் திரும்பி வந்தவை 19. அவற்றில் பார்க்கும்படியான படம் தந்தவை 11. கேமரா செய்வது ஒரு மாலை நேர வேலை. அதை ஆறு மாதம் அசையாமல் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

டப்பாவில் தொடங்குவோம். 500 மில்லி பிடிக்கும் உயரமான அலுமினிய டப்பாவை எடுங்கள். அதன் விட்டம் சுமார் 66 மி.மீ., உட்சுற்றளவு இருபது செ.மீ.க்குச் சற்று மேல். கறுப்பு வெள்ளை புகைப்படத் தாள் 5×7 அங்குல அளவில், அதாவது 12.7×17.8 செ.மீ. அளவில் கிடைக்கும். அதைப் படுக்கைவாட்டில் சுருட்டி உள்ளே விட்டால் சுவரோடு ஒட்டி நிற்கும். இரு முனைகளுக்கும் நடுவே மூன்று செ.மீ. போல இடைவெளி விழும். துளை அங்கேதான் வர வேண்டும். தாளை வெட்ட வேண்டியதே இல்லை. 330 மில்லி டப்பா குட்டை. தாளின் உயரத்தைக் கத்தரிக்க வேண்டிவரும். இருட்டில் கத்தரிப்பது எனக்குப் பிடிக்காத வேலை. தாள் காலாவதியானதாக இருந்தாலும் குற்றமில்லை. என் நல்ல படங்களில் பாதி, யாரோ பரணில் மறந்துபோன பழைய தாளில் வந்தவைதான்.

டப்பாவின் மேல்மூடியை விளிம்போடு திறக்கும் ஓப்பனரால் எடுத்துவிடுங்கள். அதே அளவு இன்னொரு டப்பாவின் அடிப்பக்கத்தை மூன்று செ.மீ. உயரத்துக்கு வெட்டி எடுத்து, அதன் ஓரத்தில் நாலைந்து சிறு வெட்டுகள் கொடுத்தால் முதல் டப்பாவின் மேல் குல்லாய்போல ஏறும். வெட்டிய அலுமினிய விளிம்பு பிளேடுக்குச் சமம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டு எஃகுக் கம்பிக் கயிறுகளைக் கையாண்ட என் விரல், ஒரு குளிர்பான டப்பாவால்தான் தையல் போட்டுக்கொண்டது.

துளையில் அவசரம் வேண்டாம். டப்பாவின் உடம்பில் நேராக ஊசியால் குத்துபவர்கள் உண்டு. நான் குத்துவதில்லை. டப்பாவில் ஐந்து மி.மீ. அகலத்துக்கு ஒரு ஓட்டை போட்டுவிட்டு, ஊசித்துளையைத் தனியாக ஒரு தகட்டில் செய்து உள்ளிருந்து ஒட்டுவேன். வெட்டி எறிந்த அலுமினியத்திலிருந்து இரண்டு செ.மீ. சதுரம் எடுத்து, ஒரு பழைய அட்டையின் மேல் வையுங்கள். மெல்லிய தையல் ஊசியை நிறுத்திப் பிடித்து அழுத்துங்கள், குத்தக் கூடாது. தகடு கிழியாமல் மறுபக்கம் ஒரு சின்னப் பரு எழும்பும். திருப்பிப் போட்டு அந்தப் பருவை நைஸ் உப்புத்தாளில் தேயுங்கள். மறுபடி அதே குழியில் ஊசி, மறுபடி உப்புத்தாள். மூன்றாவது நான்காவது முறையில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு புள்ளி மினுக்கும். ஊசி முனையை அந்தப் புள்ளியில் விட்டு விரலால் ஒரு சுற்று உருட்டினால் வட்டம் சீராகிவிடும்.

எவ்வளவு பெரிய துளை? தாளுக்கும் துளைக்கும் உள்ள தூரம் 66 மி.மீ. அதற்குச் சரியான விட்டம் ஏறக்குறைய 0.35 மி.மீ. அதைவிடப் பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானாலும் ஒளி துளையின் விளிம்பில் பட்டுச் சிதறி மங்கத்தான் செய்யும். இத்தனை சின்ன அளவை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது. அந்தத் தம்பி சொல்லிக்கொடுத்த வழியை இன்றுவரை பின்பற்றுகிறேன்: தகட்டை ஸ்கேனரில் வைத்து, மேலே கறுப்புத் தாள் போட்டு, 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். அங்குலத்துக்கு 1200 புள்ளி என்றால் ஒரு பிக்சல் 0.021 மி.மீ. துளை குறுக்கே 16, 17 பிக்சல் இருந்தால் சரி. 25 வந்தால் அந்தத் தகட்டைத் தூக்கி எறியுங்கள். செலவு ஒரு துண்டு டப்பாதான்.

தகட்டை எந்த உயரத்தில் ஒட்டுவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துளை வழியே வரும் படம் தலைகீழாக விழும். வானத்தின் ஒளி தாளின் கீழ்ப்பகுதியில் படும். தாள் டப்பாவின் அடியில் உட்கார்ந்திருப்பதால், துளை தாளின் நடுவே, அதாவது அடியிலிருந்து 6.4 செ.மீ. உயரத்தில் இருந்தால் தொடுவானத்துக்கு மேலே சுமார் 44 பாகை வரை வானம் பதியும். துளையை 9 செ.மீ.க்கு ஏற்றினால் 54 பாகை வரை பதியும், தரை குறையும். சூரியன் உச்சிக்கு ஏறும் ஊர்களில் ஏற்றித்தான் வைக்க வேண்டும்.

தாளை ஏற்றுவது இரவில், ஜன்னல் இல்லாத குளியலறையில். சைக்கிளின் பின்பக்கச் சிவப்பு எல்இடி விளக்கைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். எமல்ஷன், அதாவது ஒளி பட்டால் கறுக்கும் பூச்சு, உள்ள பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். ஈர விரலால் மூலையைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டும் பக்கம் அதுதான். தாளை உள்ளே விட்டபின் துளை இருக்கும் இடத்தில் இடைவெளி வந்திருக்கிறதா, தாளின் முனை துளையை மூடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்கவில்லை. ஆறு மாதம் கழித்து அச்சுப் பிசகாத வெள்ளைத் தாள் ஒன்று கிடைத்தது. குல்லாயைப் போட்டு இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று சுற்றுங்கள். துளைக்கு மேல் ஒரு துண்டு டேப். அதன் ஒரு நுனியை மடித்துவிட்டால் டப்பாவைக் கட்டியபின் உரிக்க வசதி. அதுதான் ஷட்டர்.

திசைக்கு வருவோம். சூரியன் வடகோடிக்கோ தென்கோடிக்கோ போய்த் திரும்பும் நாள்தான் கதிர்த்திருப்பம். ஒரு கதிர்த்திருப்பத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் காலம்தான் முழுப் படம்: டிசம்பர் 21 வாக்கிலிருந்து ஜூன் 21 வரை, அல்லது ஜூனிலிருந்து டிசம்பர் வரை. அதற்கு மேல் வைத்தால் சூரியன் வந்த வழியே திரும்பி, பழைய கோடுகளின் மேலேயே வரையும். வடக்கே தொலைவில் இருக்கும் நாடுகளில் தெற்குப் பார்த்து வைத்தால் வானவில்போல முழு வளைவு விழும். தெற்கே தொலைவில் இருப்பவர்களுக்கு வடக்கு. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதைக் காப்பியடித்தால் ஏமாறுவார்கள். அங்கே சூரியன் தலைக்கு மேலே போகிறது, டப்பாவின் பார்வை அங்கு எட்டாது. கிழக்கையோ மேற்கையோ பார்த்து வையுங்கள். செங்குத்தான கோடுகள் மழைச்சாரலைப்போல இறங்கும். எனக்கு அந்தப் படம்தான் அதிகம் பிடிக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: சம இரவுபகல் நாளையொட்டி சூரியன் தினமும் 0.4 பாகை நகர்வதால் கோடுகள் விலகி விழும். கதிர்த்திருப்பத்தின்போது அது நகர்வதே தெரியாது. ஓரங்களில் கோடுகள் நெருங்கி ஒரே பட்டையாகிவிடும்.

கட்டுவதில் தயவுதாட்சணியம் பார்க்காதீர்கள். இரண்டு கேபிள் டை போதாது, நான்கு போடுங்கள். டப்பாவுக்கும் குழாய்க்கும் நடுவில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு வைத்தால் வழுக்காது. தண்ணீர் மோட்டார் குழாயில் கட்டாதீர்கள். மோட்டார் ஓடும்போதெல்லாம் அதிர்ந்து கட்டிடங்களின் விளிம்பு கம்பளி நூல்போலக் கரைந்துவிடும். லிஃப்ட் மெஷின் அறைச் சுவரும் அப்படித்தான். தொழில் தெரிந்த நானே அங்கே கட்டி மொக்கை வாங்கினேன். இடம், திசை, தேதி மூன்றையும் குறித்துவையுங்கள், கூடவே ஒரு போட்டோவும். போன் காட்டும் இருப்பிடம் சில மீட்டர் பிசகும். குழாய்கள் நிறைந்த மாடியில் அந்தச் சில மீட்டருக்குள் பத்துக் குழாய் இருக்கும்.

இனி மனிதர்கள். கறுப்பு டேப் சுற்றிய உருளை ஒன்று பாலத்தில் தொங்கினால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? 2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் அதுதான் நடந்தது. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கலைப் பணிக்காக நகரில் ஆங்காங்கே கட்டிய சோலார்கிராஃபி டப்பாக்களில் ஒன்று நெடுஞ்சாலைப் பாலத்தில் இருந்தது. வெடிகுண்டு என்று அஞ்சிச் சாலையை மூடி, டப்பாவை வெடிக்கவைத்தே அழித்தார்கள். அதனால் பாலம், ரயில் பாதை, விமான நிலையம், சிக்னல் கம்பம், மின்மாற்றி, அரசு அலுவலகச் சுவர் எதிலும் கட்டாதீர்கள். தனியார் இடமென்றால் அனுமதி வாங்குங்கள். கறுப்பு டேப்புக்குப் பதில் வெளிர் நிற டேப் சுற்றி, ‘ஊசித்துளை கேமரா. உள்ளே தாள் மட்டுமே. இந்தத் தேதி வரை’ என்று எழுதி, உங்கள் தொலைபேசி எண்ணையும் போடுங்கள்.

எழுத்தைவிட வாட்ச்மேன் பெரிய காவல். ஒரு குடியிருப்பில் டப்பாவைக் கட்டும்போதே அவரைக் கூப்பிட்டு, போன முறை எடுத்த படத்தைக் காட்டினேன். அதன்பின் நான் லிஃப்டைப் பார்க்கப் போகும்போதெல்லாம், “அண்ணே, உங்கள் டப்பா இன்னும் தூங்கவில்லை” என்பார். கேபிள் இழுக்க வந்தவர் கை வைத்தபோது தடுத்தவரும் அவர்தான். சொல்லாமல் கட்டிய இடங்களில் நடந்ததைக் கேளுங்கள். ஓரிடத்தில் ரகசியக் கேமரா என்று குடியிருப்போர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசி, டப்பாவைப் பிளந்து, உள்ளே வெறும் தாளைப் பார்த்து இன்னும் குழம்பியிருக்கிறார்கள். வேறோரிடத்தில் மாடிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் குழாயோடு சேர்த்து டப்பாவுக்கும் இரண்டு கோட் அடித்துவிட்டார்கள். துளை அடைபட்ட நாள்வரைக்கும் 43 கோடுகள் இருந்தன. அப்புறம் ஒன்றும் இல்லை. வெள்ளையடித்த தேதியை அந்தப் படத்தைப் பார்த்தே சொல்லலாம்.

எட்டுக்கால் பூச்சி துளையில் வலை கட்டும். மாதம் ஒருமுறை தொடாமல் எட்டிப் பாருங்கள். அதற்கு மேல் கவனிப்பு வேண்டாம். மறந்தே போனாலும் நஷ்டமில்லை. ரெஜினா வால்கன்போர்க் என்ற கலை மாணவி 2012இல் பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ஒரு டப்பாவைக் கட்டிவிட்டு மறந்தார். 2020இல் வேறொருவர் எடுத்தபோது அதில் எட்டு ஆண்டுச் சூரியன், 2,953 வளைவுகள் இருந்தன.

கழற்றும் நாளில் முதலில் ஷட்டர் டேப்பை ஒட்டுங்கள், அப்புறம்தான் கேபிள் டையை வெட்ட வேண்டும். தாளை டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தில், போடக் கூடாது. போட்டால் மொத்தமும் கறுத்துவிடும். படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் வேண்டாம், அது இந்தப் படத்தை வெளுக்கும். ஒளியே வெள்ளி உப்பை உடைத்துக் கறுக்கவைத்த படம் இது. அப்படியே முடிந்த நிலையில்தான் உள்ளே இருக்கிறது. நனைந்திருந்தால் துடைக்காமல் இருட்டில் படம் மேலே பார்க்கும்படி காயவையுங்கள். துடைத்தால் ஊறிய எமல்ஷன் துணியோடு வந்துவிடும்.

ஸ்கேனரின் விளக்கும் தாளைக் கறுக்கச் செய்யும். ஆகவே முன்னோட்டம் பார்க்காதீர்கள். அதே அளவு வெள்ளைத் தாளை வைத்து எல்லா அமைப்பையும் முடித்துக்கொள்ளுங்கள்: 1200 டிபிஐ, 48 பிட் வண்ணம், தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் அணைத்து, டிஃப் கோப்பு. பிறகு உண்மைத் தாளை வைத்து ஒரே ஓட்டம். கணினியில் நிறங்களைத் தலைகீழாக்கி, படத்தை நிமிர்த்தி, இடவலமாகப் புரட்டினால் உங்கள் தெரு. கறுப்பு வெள்ளைத் தாளில் நீலமும் செம்பழுப்பும் எங்கிருந்து வந்தன என்று கேட்பார்கள். தாளுக்குத் தாள் மாறும், ஈரத்துக்கு ஏற்பவும் மாறும். முன்கூட்டிச் சொல்ல முடியாது.

என் படங்களில் ஒன்றில், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்பது கோடுகள் இல்லை. அந்த ஒன்பது நாள் மழையில் அதே கட்டிடத்தின் லிஃப்ட் குழியில் முழங்கால் நீரில் நின்று பம்ப் போட்டுக்கொண்டிருந்தேன். மூலத் தாள் இப்போது கறுப்பு உறையில் இருக்கிறது. கழற்றிய அன்றே புதுத் தாள் ஏற்றி, டப்பாவை அதே குழாயில் கட்டிவிட்டேன். இந்த முறை வெள்ளையடிக்கிறவர் வருகிறாரா என்று வாட்ச்மேனிடம் கேட்டுக்கொண்டுதான்.