ஸ்கோர் அட்டையில் இன்னும் கொஞ்சம் எழுதுங்கள்

கோல்ஃபில் மொத்த ஸ்கோரை மட்டும் எழுதிவைத்தால், அடிகள் எங்கே வீணாகின்றன என்பது தெரியாது. ஒவ்வொரு குழிக்கும் எதிரே இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: முதல் அடி ஃபேர்வேயில் (குழியை நோக்கிப் போகும், புல்லைக் கட்டையாக வெட்டிய பாதை) விழுந்ததா, பாருக்கு (அந்தக் குழிக்கு வகுத்த அடிக் கணக்கு) இரண்டு அடி மிச்சம் இருக்கும்போதே பந்து கிரீனை (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) எட்டியதா, எத்தனை பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி), எத்தனை அபராத அடி.

இதில் பட் கணக்குதான் ஆளை ஏமாற்றும். கிரீனைத் தவறவிட்டு, ஓரத்திலிருந்து சிப் செய்து (பந்தை லேசாகத் தூக்கி அடித்து) பந்தைக் குழிக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே பட்டில் முடிந்துவிடும். அதை வைத்துப் பட்டிங் தேறிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். முதல் பட்டின் தூரத்தைத் தப்படியால் அளந்து எழுதுங்கள். அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர் 2011இல் கொண்டுவந்த 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்டு' பட்டிங் கணக்கும் தூரத்தை வைத்துத்தான் எடைபோடுகிறது. பத்துத் தப்படியிலிருந்து இரண்டு பட் நல்ல ஆட்டம். ஒரே தப்படியிலிருந்து இரண்டு பட் என்றால் ஓர் அடி பறிபோய்விட்டது.

கிரீனைத் தவறவிட்ட பக்கத்தையும் குறியுங்கள். பந்து அடிக்கடி கிரீனுக்கு முன்னாலேயே விழுகிறதா? ஸ்விங்கில் (மட்டையை வீசும் விதத்தில்) கைவைக்கும் முன், 7 அயர்ன் மட்டைக்குப் பதில் பந்தை இன்னும் தூரம் அனுப்பும் 6 அயர்னை எடுத்துப் பாருங்கள். ஒரே சுற்றைப் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். நாலைந்து சுற்றுகளின் கணக்காவது கையில் இருக்கட்டும்.