‘பக்கத்துப் பார்க்தானே’ என்று கேம்பிங் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவில் இருக்கும் நம்மவர்கள் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போவதென்றால் மூன்று மாதம் திட்டம் போடுவார்கள். வாட்ஸ்அப் குழு, சாமான் பட்டியல், கூலரை யார் கொண்டுவருவது என்ற விவாதம் எல்லாம் நடக்கும். அதே ஆட்கள் மவுண்ட் டயாப்ளோவிலோ சான்டா குரூஸ் மலையிலோ ஒரு ராத்திரி டென்ட் போடப் போனால், “ஒரு மணி நேர டிரைவ்தானே, பாத்துக்கலாம்” என்று கிளம்பிவிடுவார்கள். நான் பார்த்தவரை, கேம்பிங் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தத் ‘தானே’யில்தான்.

முதலில் முன்பதிவு. பார்க் உங்களுக்கு மட்டுமா பக்கம்? ஊர் முழுக்க அதே சனிக்கிழமைக்குத்தான் குறி வைத்திருக்கும். ஸ்டேட் பார்க் சைட்டுகளுக்கான, அதாவது டென்ட் போடும் இடங்களுக்கான பதிவு ரிசர்வ்கலிஃபோர்னியா தளத்தில் ஆறு மாதம் முன்பே, காலை 8 மணிக்குத் திறக்கும். ஜூலை முதல் வாரம் போக வேண்டுமென்றால் ஜனவரி முதல் வாரம் கணினி முன் உட்கார வேண்டும். தவறவிட்டால் ஞாயிறு இரவையோ வார நாளையோ பாருங்கள். ரத்தாகும் சைட்டுகளும் அவ்வப்போது தலைகாட்டும். இன்னொன்று, ஒரு சைட்டுக்கு வழக்கமாக எட்டுப் பேர்தான். மூன்று குடும்பம், பன்னிரண்டு பேர், ஒரே சைட் என்ற கணக்கு ரேஞ்சரிடம் செல்லாது.

பழைய பரிந்துரைகளை நம்பிக் கிளம்புவதும் உண்டு. சான்டா குரூஸ் மலையில் இருக்கும் பிக் பேசின் பூங்காவைப் புகழ்ந்து எழுதியவை இன்னும் உலவுகின்றன. 2020 ஆகஸ்டில் வந்த காட்டுத்தீ அந்தப் பூங்காவில் பெரும்பகுதியை எரித்துவிட்டது. 2022 ஜூலையில் மறுபடி திறந்தபோதும் பகலில் போய் வரும் அளவுக்குத்தான் அனுமதித்தார்கள். எந்தப் பூங்காவானாலும் இன்றைய நிலவரத்தை அதன் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து, கிளம்பும் நேரம். மவுண்ட் டயாப்ளோவில் சூரியன் மறையும்போது கேட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் காலை 8 மணிவரை, அவசரம் என்றால் தவிர, உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் நண்பர் குடும்பம் ஆபீஸ் முடிந்து ஐந்து மணிக்குக் கிளம்பியது. 680 நெடுஞ்சாலை நெரிசலைத் தாண்டி வந்தபோது கேட் பூட்டியிருந்தது. மேலே எங்களிடம் டென்ட், கீழே அவர்களிடம் சாப்பாடு! அன்றிரவு எங்களுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும். நவம்பரில் கடிகாரத்தை மாற்றியபின் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இதே காரணத்தால் “ஏதாவது மறந்தால் கடைக்குப் போய் வாங்கிக்கலாம்” என்ற தைரியமும் அங்கே வேண்டாம்.

குளிர் விஷயத்தில் ஏமாறாதவர்கள் குறைவு. ஜூலைதானே என்று அரைக்கால் சட்டையோடு ஹாஃப் மூன் பே கடற்கரையில் கூடாரம் போட்டால், கடல் பனி மூடி மதியத்திலேயே 65 டிகிரி பாரன்ஹீட்டைச் சுற்றித்தான் இருக்கும். அதே நாளில் மலைக்கு இந்தப் பக்கம், உள்நாட்டில் இருக்கும் வால்நட் கிரீக் ஊர் ஓரத்தில், வெயில் மண்டையைப் பிளக்கும். ஊர்ப் பெயரைத் தட்டி வானிலை பார்க்காமல், பூங்கா இருக்கும் இடத்துக்கே பாருங்கள். டயாப்ளோ உச்சி 3,849 அடி. கீழே இருக்கும் டேன்வில் ஊரின் வெப்பநிலையை வைத்துக்கொண்டு மேலே அடிக்கும் காற்றை ஊகிக்க முடியாது.

பலர் தடிமனான ஸ்லீப்பிங் பேக் வாங்கிவிட்டு, கீழே விரிப்பதில் கோட்டை விடுகிறார்கள். நம் எடையில் அழுந்திய பக்கம் பஞ்சு சப்பையாகிவிடும், அதனால் தரையின் குளிர் நேராக முதுகில் ஏறும். காற்றடைத்த மெத்தை போட்டாலும் உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துவிடும். அதன்மேல் ஒரு ஃபோம் பாயோ கம்பளியோ விரித்தால் நிம்மதியாகத் தூங்கலாம். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை டென்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அணைந்ததுபோல் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

விறகு. கீழே கிடக்கும் சுள்ளிதானே என்று பொறுக்கக் கூடாது. ஸ்டேட் பார்க்குகளில் அதற்குத் தடை. வீட்டுக் கொல்லையில் வெட்டியதை ஏற்றிக்கொண்டு போவதும் சரியில்லை. விறகோடு பூச்சியும் நோயும் பயணம் செய்யும். இந்தப் பக்கத்து ஓக் மரங்களைத் திடீரென்று சாகடிக்கும் நோய் ஒன்று 1990களிலிருந்தே பரவிக்கொண்டிருக்கிறது. பூங்காவிலோ அதன் அருகிலோ வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள். தீ அபாயம் அதிகமான மாதங்களில் விறகு நெருப்புக்கே தடை போட்டுவிடுவார்கள் என்பதால், விறகை நம்பி மட்டும் சமையல் திட்டம் வேண்டாம். ஒரு புரோப்பேன் அடுப்பு காரில் இருக்கட்டும்.

சுள்ளி பொறுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பாய்ஸன் ஓக் என்ற நச்சுச் செடி. ஒரு காம்பில் மூன்று இலை, கோடைக் கடைசியில் சிவக்கும், குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். அந்தக் குச்சி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும், எரித்தால் புகையே ஆபத்து. மா, முந்திரி, சேங்கொட்டை எல்லாம் சேர்ந்த அதே குடும்பத்துச் செடி இது. சேங்கொட்டைப் பால் பட்டுப் புண்ணானவர்களை ஊரில் பார்த்திருந்தால் சொல்லவே வேண்டாம். குழந்தைகளுக்கு இலையின் படத்தை வீட்டிலேயே காட்டிவிடுங்கள்.

இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. பாட்டுக்குப் பாட்டு விளையாட்டை அதற்குள் முடித்துவிடுங்கள்.

கடைசியாகச் சாப்பாடு. உணவை வெளியே விட்டால் ரக்கூன் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். சைட்டில் இரும்புப் பெட்டி இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் காருக்குள் வைத்துப் பூட்டுவோம். ஆனால் சிந்தும் துணுக்குகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. சான்டா குரூஸ் மலையின் ரெட்வுட் மரக் காடுகளில் மார்பிள்ட் மர்ரலெட் என்றொரு கடற்பறவை வாழ்கிறது. கடலில் மீன் பிடிக்கும், முட்டையிட மட்டும் உள்நாட்டுப் பெருமரங்களின் பாசி படிந்த கிளைக்கு வரும். அது எங்கே முட்டையிடுகிறது என்பது நெடுங்காலம் புதிராக இருந்து, 1974இல் பிக் பேசினில் மரம் ஏறி வேலை செய்தவர் ஒருவர் கண்ணில் கூடு பட்டது. ஒரு பருவத்துக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை. நம் மேசையடியில் சிந்திய மிக்சருக்காக ஜே பறவைகளும் அண்டங்காக்கைகளும் கூடும், பிறகு அந்த முட்டையையும் தேடித் தின்னும். அழிவின் விளிம்பில் இருக்கும் பறவை என்பதால், துணுக்கு சிந்தக் கூடாது என்று அந்தப் பூங்காக்களில் தனியாகவே எச்சரிக்கிறார்கள்.

அதைப் படித்த பிறகு எங்கள் வீட்டில் கேம்பிங்குக்கு முறுக்கு, மிக்சர் எல்லாம் கட். சீடை மட்டும் போகும். உருண்டு ஓடினாலும் தேடிப் பிடித்துவிடலாம்.