கம்மலை விற்று விதைக்காதீர்கள்: கஷ்டகாலத்தில் விசுவாசிகள் செய்யும் தவறுகள்

2021 பிப்ரவரியில் மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சபைக்குப் புதிதாக வந்தவர்கள் நிறைய. வேலை போனவர்கள், பிள்ளையைத் தாய்லாந்துக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவர்கள். வீடு சந்திப்புக்குப் போகும்போது கவனித்தால், 1987-ல் 25, 35, 75 கியாட் நோட்டெல்லாம் ஒரே நாளில் செல்லாமல் போனபோது எங்கள் தலைமுறை என்னென்ன செய்ததோ அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். ஜெபிக்காமல் இருப்பது, ஆராதனைக்கு மட்டம் போடுவது இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விதைக் காணிக்கை

பணத்தை விதையாகப் போடு, கர்த்தர் கேட்டதைத் தருவார் என்று சொல்லி வாங்குகிற காணிக்கை இது. இதைப் பேசினால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சட்டத்தை அமலாக்கினார்கள், 18 முதல் 35 வயது ஆண்களுக்கு. யாங்கூனில் தாமுவே பக்கம் ஒரு விதவைத் தாய்க்கு அந்த வயதில் ஒரே மகன். போனில் பேசிய ஒரு ஊழியக்காரர், "உங்களுக்கு அருமையானதை விதையுங்கம்மா, பிள்ளை பேர் வராது" என்றிருக்கிறார். அந்த அம்மா காதில் கிடந்த கம்மலை விற்று அனுப்பிவிட்டார். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அடுத்த குலுக்கலிலேயே மகன் பேர் வந்தது. திரும்பக் கூப்பிட்டால், "உங்க விசுவாசத்துல சந்தேகம் கலந்திருச்சு, இன்னொரு விதை போடுங்க." கம்மல் போனதைக்கூட விடுங்கள், தன் சந்தேகத்தால்தான் மகன் மாட்டிக்கொண்டான் என்று அவர் நம்பிவிட்டார், அந்தக் கூச்சத்தில் சபைக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

இப்படிக் கேட்கிறவர்கள் எடுக்கும் வசனம் எப்போதும் இரண்டு காசு போட்ட ஏழை விதவைதான். மாற்கு 12-ல் 44-ஆம் வசனத்தை வாசிப்பார்கள். நாலு வசனம் மேலே போய்ப் பாருங்கள், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார் இயேசு. அதை வைத்துக்கொண்டே ஒரு விதவையிடம் கை நீட்ட எப்படித்தான் மனசு வருகிறதோ. தசமபாகத்தை, அதாவது பத்தில் ஒரு பங்கை, பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐயும் இப்படித்தான் பாடாய்ப் படுத்துகிறார்கள். பண்டசாலைக்குப் போன தசமபாகம் தின்பதற்கான ஆகாரம். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று உபாகமம் 14:28, 29-ல் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி அந்த அம்மா வாங்குகிற வரிசையில் நிற்க வேண்டியவர். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல்கூட, ஒருவனுக்கு இல்லாததின்படி கேட்கவில்லை, உள்ளதின்படிதான் (2 கொரிந்தியர் 8:12).

காணிக்கை கேட்கிறவர் அவசரப்படுத்துகிறாரா, இத்தனை நாளில் பலன் என்று கெடு சொல்கிறாரா, பணம் அவர் சொந்தக் கணக்குக்குப் போகிறதா, இவ்வளவு பார்த்தால் போதும். ஒன்று இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று மனசு துடித்தால், சரி, பக்கத்து வீட்டில் அரிசி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அழுவதை அவிசுவாசம் என்பது

பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் ஆவா சிறையில் விலங்கோடு கிடந்த கதையைப் பிரசங்கத்தில் கேட்காத ஆள் இங்கே கிடையாது. 1826-ல் மனைவி ஆன், மறு வருஷம் குழந்தை மரியா என்று அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகு, அவர் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்ததையும், ஒரு குழியை வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததையும் எத்தனை பேர் பிரசங்கிக்கிறார்கள்? 1834-ல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்ததும் அதே மனிதர்தான். துக்க வீட்டில் போய் "அழாதீங்கக்கா, சாட்சி கெட்டுப்போகும்" என்கிற தம்பிகள் 88-ஆம் சங்கீதத்தைக் கடைசி வசனம் வரை வாசித்துவிட்டு வரட்டும். அது இருளோடுதான் முடிகிறது.

காரணம் கண்டுபிடிப்பது

எல்லாவற்றையும் பறிகொடுத்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த வரைக்கும் நன்றாகத்தான் செய்தார்கள். உன் பாவம்தான் காரணம் என்று பேச ஆரம்பித்தபோதுதான் கெட்டது.

பூசி மெழுகுவது

வாடகை பாக்கி என்றால் சபை மூப்பரிடம் வாடகை பாக்கி என்றே சொல்லுங்கள். "குடும்பத்துக்காக ஜெபிச்சுக்கோங்கண்ணே" என்றால் ஜெபம் மட்டும்தான் கிடைக்கும்.

தேதி குறிப்பது

2025 மார்ச் 28-ல் சகாய்ங் பக்கம் 7.7 அளவில் பூமி அதிர்ந்தது. இடிபாட்டில் ஆட்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வைபர் செயலியில் கர்த்தருடைய வருகைக்குத் தேதி வர ஆரம்பித்துவிட்டது. அந்த நாள் குமாரனுக்கே தெரியாது என்று மாற்கு 13:32 சொல்கிறது. அனுப்பினவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு வரி கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.