வெள்ளி காயின்ல இருக்க கலர் தானா வந்ததா, வர வச்சதா?

காத்துலயும் பேப்பர்லயும் துணிலயும் இருக்க சல்ஃபர் வெள்ளியோட சேர்ந்து மெல்லிசா சில்வர் சல்ஃபைடு படலம் ஒண்ணு வரும், அது தடிக்க தடிக்க கலர் மாறும்: வெளிர் மஞ்சள், செம்பழுப்பு, மெஜந்தா, நீலம், திரும்ப மஞ்சள், கடைசில கருப்பு. இந்த வரிசைய மனசுல வச்சுக்கோங்க, பாதி வேலை முடிஞ்சுது. இப்படி கலர் ஏறுறதைத்தான் டோனிங்னு சொல்வாங்க. வருஷக்கணக்கா மெதுவா வந்த டோனிங்ல ஒரு கலர் அடுத்ததுக்குள்ள கரைஞ்சு போகும், முதல்ல வர்ற வெளிர் மஞ்சளை ஒட்டி, நடுவுல செம்பழுப்பும் மெஜந்தாவும் இல்லாம நேரா நீலம் நின்னா சந்தேகப்படுங்க.

அடுத்து ஒரே ஒரு பல்பு வெளிச்சத்துல காயினை மெதுவா சாய்ச்சு பாருங்க, நல்ல டோனிங்னா கலருக்கு அடியில இருந்து பளபளப்பு சுழன்டு வரும், போட்ட கலர் பெயிண்ட் மாதிரி மேல மிதக்கும். அப்புறம் 10எக்ஸ் லூப் (பத்து மடங்கு பெருசா காட்டுற சின்ன லென்ஸ்) எடுத்து எழுத்துங்களோட ஓரத்தையும் கீறலையும் பாருங்க, ரொம்ப முக்கியம் இது. இயற்கையா வந்ததுல எழுத்தை ஒட்டி பல சமயம் கலர் வெளுத்து ஒரு கோடு தெரியும், கெமிக்கல் போட்டதுல துடைச்ச கீறலுக்குள்ள கலர் தேங்கி நிக்கும்.

எங்க இருந்துச்சுங்கறதும் காயின்லயே தெரியும். துணி மூட்டைல கிடந்த மார்கன் டாலர்ல (அமெரிக்காவோட பழைய வெள்ளி டாலர்) ஒரு பக்கம் மட்டும் கலர், துணி நெசவோட தடம், பக்கத்து காயின் மறைச்ச இடத்துல பிறை மாதிரி வெள்ளை, இதெல்லாம் பாக்கவே அவ்ளோ அழகு!

அசிட்டோன்ங்கற கரைப்பான்ல கலர் போனா அது சல்ஃபைடு இல்ல, மேல பூசினது. ஆனா போகலங்கறதுக்காக ஒரிஜினல்னு நம்பிடாதீங்க, கந்தகக் கரைசல்ல முக்கினதும் போகாது. அப்பவும் தெளியலன்னா பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி காயினை சோதிச்சு தரம் சொல்ற கிரேடிங் கம்பெனிக்கு அனுப்புங்க.